நூற்றுப் பதினேழாவது மெழுகு வில்லை

என் வேலை சதையை மெழுகில் படுக்க வைப்பது. அறுவை அரங்கிலிருந்து வரும் சின்னத் துண்டுகளை உருகிய மெழுகில் வைத்து, ஆறவிட்டு வில்லையாக்கி, தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குக்குச் சீவி, கண்ணாடியில் ஏற்றிச் சாயம் போட்டு டாக்டர்களிடம் அனுப்புவேன். கேட்டால் கறிக்கடை வேலை மாதிரி இருக்கும். செய்து பார்த்தவருக்குத்தான் தெரியும், துண்டைப் படுக்க வைக்கும் அந்த ஐந்து வினாடியில்தான் எல்லாம் இருக்கிறது. எந்தப் பக்கம் கீழே போகிறதோ அந்தப் பக்கத்தைத்தான் கத்தி சீவும், டாக்டர் பார்ப்பார். தப்பான பக்கத்தைக் கீழே வைத்துவிட்டால், எவ்வளவு பெரிய டாக்டர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாலும் உள்ளது தெரியாது.

முப்பத்து நான்கு வருஷத்தில் நான் ஒரு துண்டைக்கூடத் தப்பாகப் படுக்க வைத்ததில்லை. இதை மற்றவர்கள் சொல்லட்டும் என்று நான் காத்திருக்கவில்லை, நானே சொல்லிக்கொள்வேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். அவர்கள் என் முதுகுக்குப் பின்னால் கண்ணை உருட்டுவார்கள் என்று தெரியும். உருட்டட்டும்.

வில்யா கெம்ப்பாய்னென் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து ஆறு வருஷமாகிறது. டாக்டர். நாக்கில் வரும் ஆரம்பநிலைப் புற்றுநோய்தான் அவள் ஆராய்ச்சி. வெள்ளரி விதை அளவில் இருக்கும்போதே கண்டுபிடித்து நாக்கிலிருந்து வெட்டி எடுத்துவிடலாம், அது பெரிய காரியமில்லை. அது சத்தம் போடாமல் கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் போயிருக்கிறதா என்பதுதான் கேள்வி. கையால் தடவினாலும் தெரியாது, ஸ்கேனிலும் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாருடைய கழுத்தையும் திறந்து நெறிக்கட்டிகளை வழித்து எடுத்துவிடுகிறார்கள். பத்துக் கழுத்தைத் திறந்தால் ஏழில் ஒன்றும் இருக்காது.

அந்த ஏழில் ஒருவன் என் தம்பி என்ஸியோ. வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவன் கழுத்தைத் திறந்து முப்பத்தொரு நெறிக்கட்டி எடுத்தார்கள். முப்பத்தொன்றும் சுத்தம். போகிற போக்கில் தோளுக்குப் போகும் நரம்பு கெட்டுவிட்டது. அன்றிலிருந்து வலது கை தோளுக்கு மேலே எழும்பாது.

"தரையிலேர்ந்து ஒன்றரை மீட்டர் வரைக்கும் நான் பெயிண்டர். அதுக்கு மேல வேற ஆளப் பாத்துக்கங்க" என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்வான். சிரித்துக்கொண்டேதான் சொல்வான். ஆனால் சௌனா என்ற நீராவிக் குளியலறையில் சூடான கல் மேல் தண்ணீர் ஊற்ற அவன் கரண்டியை இடது கைக்கு மாற்றுவதைப் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

வில்யா என்ன கண்டுபிடித்தாள் என்றால், புற்றின் அடி விளிம்பைப் பார்க்க வேண்டும். அங்கே சில செல்கள் கூட்டத்தை விட்டுப் பிரிந்து நாலு பேராக, மூன்று பேராகத் தனியே நிற்கும். அவற்றுக்கு மொட்டுகள் என்று பெயர். ஐந்து மொட்டுக்கு மேல் இருந்து, புற்று ஆழமாகவும் இறங்கியிருந்தால் கழுத்துக்குப் பரவும். மொட்டு இல்லையென்றால் பரவாது. கழுத்தைத் தொட வேண்டியதில்லை. எங்கள் கிடங்கிலிருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பழைய நாக்குகளில் அவள் மொட்டு எண்ணினாள். பாதிக்கு மேல் அவளுக்காகப் புதிதாகச் சீவிக் கொடுத்தது நான். மீதிக்குப் பழைய கண்ணாடிகளே நன்றாக இருந்தன. அவளுடைய கணக்கு எல்லாவற்றிலும் பொருந்தி வந்தது, ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று நூற்றுப் பதினேழு. மொட்டு ஒன்றுகூட இல்லை, ஆழமும் இல்லை. ஆனால் ஆறே மாதத்தில் கழுத்து முழுக்கப் பரவிவிட்டது.

எங்கள் ஆஸ்பத்திரியில் கழுத்தைத் திறக்கும் பேராசிரியர் ரௌனோ சீர்த்தோலா. என்ஸியோவின் கழுத்தைத் திறந்தவரும் அவர்தான். வில்யாவின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியும் அவரே. அவளை அவருக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் அவர் பிடிவாதம் பனிக்கட்டியை உடைக்கிற கப்பலாலும் உடையாது. காபி அறையில் என் காது படவே அவளிடம் சொன்னார்.

"இருநூத்துப் பதினொண்ணு சரியா வந்துச்சு, சந்தோஷம். ஒண்ணு தப்பிச்சுதே, அந்த ஒருத்தர் கிட்டப் போயி நான் என்னம்மா சொல்றது? நூத்துப் பதினேழுக்கு விடை சொல்லு. அன்னைக்கே நான் கத்தியக் கீழ வைக்கிறேன்."

அதுவரை எல்லாக் கழுத்தும் திறக்கப்படும். இவ்வளவுதான் விஷயம்.

ஜூன் மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு அவளுடைய ஆய்வேட்டின் பொது விசாரணை. எங்கள் நாட்டில் ஆராய்ச்சி டாக்டர் பட்டம் சும்மா தபாலில் வராது. வெளியூரிலிருந்து ஒரு எதிர்வாதியை வரவழைத்து, ஊர் பார்க்க மேடையில் இரண்டு மணி நேரம் குடைய விடுவோம். நான் பச்சைக் கவுன் போட்டுக்கொண்டு போனேன். என்ஸியோவையும் இழுத்துக்கொண்டு போனேன். அவனுடைய கோட்டு பத்து வருஷத்துக்கு முந்தைய வயிற்றுக்குத் தைத்தது, டர்பன்டைன் வாடை வேறு.

"எவ்வளவு நேரம்?" என்றான்.

"ரெண்டு மணி நேரம், கூடக் கொஞ்சம் ஆகலாம்."

"கழுத்தறுப்புதான். ஏற்கெனவே ஒரு தடவ அறுத்தாச்சு, இது ரெண்டாவது."

"வாய மூடிட்டு உக்காருடா. கடைசியில கேக் உண்டு."

எதிர்வாதி குன்வர் ஓகெர்லுண்ட், கடலுக்கு அந்தப் பக்கத்து ஸ்வீடன்காரி. ஆனால் பிறந்தது எல்லை ஆற்றங்கரையில் என்பதால் எங்கள் பேச்சைப் பழைய பாணியில் கடகடவென்று பேசுவார். கறுப்பு உடுப்பும், கையில் டாக்டர் பட்டம் பெற்றவர்கள் வைக்கும் உயரமான தொப்பியுமாக வந்து தொப்பியை மேசை மேல் வைத்தார். வில்யா அவருக்கு எதிரே நின்றாள். நடுவே சபைத் தலைவர் இருக்கையில் ரௌனோ. முதல் ஒரு மணி நேரம் குன்வர் மெல்லத்தான் கேட்டார். வில்யா நிமிர்ந்து பதில் சொன்னாள். பெற்ற தாய்க்குக் கூட அவ்வளவு பெருமை இருந்திருக்குமா தெரியாது, எனக்கு இருந்தது.

பிறகு குன்வர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இப்ப நூத்துப் பதினேழுக்கு வருவோம். படத்தக் காட்டுங்க."

திரை முழுக்க ஒரு படம் வந்தது. இளஞ்சிவப்பும் ஊதாவுமாக, எங்கள் வீட்டுச் சன்னல் அளவுக்குப் பெரிசாக. நான் சீவுகிறவள், மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்து பார்க்கிறவள் இல்லை. அந்த நாக்கை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

"இந்தப் பெண்மணிக்கு மொட்டு பூஜ்யம். உங்க கணக்குப்படி கழுத்தத் தொட வேண்டாம். ஆனா பரவிடுச்சு. இதுக்கு உங்க விளக்கம் என்ன?"

வில்யா திரையிலிருந்து அவர் பக்கம் திரும்பினாள். "மதிப்பிற்குரிய எதிர்வாதி அவர்களே, என்கிட்ட விளக்கம் இல்ல. ஒருவேளை மொட்டு விடாமலே பரவற வகையும் இருக்கலாம். எனக்குத் தெரியல."

"அப்ப அந்த வகை இன்னும் எத்தனை பேருக்கு இருக்கோ, அதுவும் தெரியாது."

"தெரியாது."

ரௌனோ மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒன்று கண்ணை உறுத்தியது. படத்தின் நாலு விளிம்பையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், அப்புறம் பிடிபட்டது. கறுப்பு இல்லை.

வெட்டி எடுத்த துண்டின் அடிப்பக்கத்தில், அதாவது நாக்குக்குள்ளே ஆழமாக இருந்த பக்கத்தில், கறுப்பு மை தடவுவோம். துண்டைப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் சீவலில் ஒரு விளிம்பில் நாக்கின் மேல்தோல், எதிர் விளிம்பில் கறுப்பு, இரண்டும் தெரியும். இதில் சுற்றிவர மேல்தோல்தான் இருந்தது. அந்தத் துண்டு பக்கவாட்டில் படுக்கவில்லை. மேல்தோலைக் கீழே வைத்துக் குப்புறப் படுத்திருக்கிறது. கத்தி மேலாக மட்டும் சீவியிருக்கிறது. மொட்டுகள் இருக்க வேண்டிய ஆழத்துக்கு அது போகவே இல்லை.

எந்த மடையன் வைத்தான் என்றுதான் முதலில் நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், எவனையோ பிடித்துத் திட்டப் போகிற சந்தோஷம்கூட ஒரு நொடி வந்தது. பிறகு மடியிலிருந்த ஆய்வேட்டைப் புரட்டி அட்டவணையைப் பார்த்தேன். நூற்றுப் பதினேழு: பெண், ஐம்பத்தெட்டு வயது. வாரம் இருபத்தைந்து, வருஷம் இரண்டாயிரத்து ஒன்று.

இருபத்தைந்தாவது வாரம் என்றால் நடுக்கோடைத் திருநாள் வாரம். ஊரே ஏரிக்கரைக் குடிலுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் வாரம்.

"டேய்," என்று என்ஸியோவின் காதில் கேட்டேன், "ஆய்வகச் செருப்போடயே நான் குடிலுக்கு வந்தேனே, அது எந்த வருஷம்?"

"நீ பஸ்ஸப் பிடிக்க ஓடி வந்த வருஷமா? மாமா படகு வாங்கின வருஷம். ரெண்டாயிரத்து ஒண்ணு." அவன் சிரிப்பை அடக்கினான். "நடுக்கோடை நெருப்பச் சுத்தி வெள்ளைச் செருப்போட ஆடினியே. ஏன் கேக்கற?"

அட்டவணையிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை. அந்த வாரம் முழுக்க மற்றவர்கள் லீவு. மெழுகு மேசையில் நான் ஒருத்திதான்.

அந்தப் பெண்மணி யார்? பேர் தெரியாது. என் கைக்கு வருவது எண் மட்டும்தான். நான்கு வருஷம் உயிரோடு இருந்ததாக அட்டவணை சொன்னது. அந்தக் காலத்தில் கழுத்தைத் திறப்பதா வேண்டாமா என்று யாரும் கண்ணாடியைக் கேட்டதில்லை, புற்றின் அகலத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். என் தப்பால் அவருக்குக் கெட்டது நடக்கவில்லை என்று மூளை சொன்னது. மனசுக்கு அது போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை.

மேடையில் என்னென்னவோ பேசினார்கள். என் காதில் ஏறவில்லை. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வில்யாவுக்கு எப்படியும் பட்டம் கிடைத்துவிடும். என் முப்பத்து நான்கு வருஷம் அப்படியே பளபளவென்று இருக்கும். ரௌனோ மட்டும் கத்தியைக் கீழே வைக்க மாட்டார். பக்கத்தில் என்ஸியோ கோட்டுப் பையில் எதையோ தேடினான், வலது பையில் இருப்பதை எடுக்க இடது கையைக் குறுக்கே நீட்டினான். பழக்கமாகிவிட்டது அவனுக்கு.

குன்வர் எழுந்து நின்று, ஆய்வேட்டை ஏற்கலாம் என்று தன் முடிவைச் சொன்னார். பிறகு வழக்கப்படி வில்யா அவையைப் பார்த்துத் திரும்பினாள்.

"என் ஆய்வேட்டின் மீது குறை சொல்ல ஏதேனும் உள்ள மதிப்பிற்குரிய அவையோர், சபைத் தலைவரிடம் அனுமதி பெற்றுப் பேசலாம்."

இது சும்மா ஒரு சம்பிரதாயம். பத்தொன்பது விசாரணைக்குப் போயிருக்கிறேன், ஒருத்தர்கூட வாயைத் திறந்து பார்த்ததில்லை. வெளியே காபி ஆறிக்கொண்டிருக்கும். ரௌனோ கூட்டத்தை முடிக்கப் பாதி எழுந்துவிட்டார். நான் முழுதாக எழுந்தேன்.

"தலைவரே, எனக்குப் பேசணும்."

நூறு தலை திரும்பியது. "ஹெல்கா?" என்றார் ரௌனோ, ஏதோ காபி அறையில் கேட்பது போல. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "திருமதி ஹெல்கா இலிதெர்வோ பேசலாம்."

"உக்காரு," என்று என்ஸியோ என் கவுனைப் பிடித்து இழுத்தான். "கேக் இருக்குன்னியே!"

அவன் கையைத் தட்டிவிட்டேன். "ஆய்வேட்டுல குறை இல்லீங்க. நூத்துப் பதினேழுல இருக்கு. அந்தப் படத்த மறுபடி போடச் சொல்லுங்க."

படம் வந்தது.

"வில்யா, இதுல கறுப்பு மை எங்கம்மா இருக்கு?"

வில்யா திரையைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "பழைய துண்டு... மை கழுவிப் போயிருக்கும்னு நினைச்சேன்."

"போகாது. மையத் தடவினதும் வினிகர் தொட்டு ஒத்தி எடுத்து நான்தான் பிடிக்க வைப்பேன். நான் வச்ச மை போகாது." அவையில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "மை அந்தப் பக்கத்துல, மெழுகுக்குள்ள இருக்கு. துண்டு குப்புறப் படுத்திருக்கு. சீவினது மேலாக்க மட்டும். நீங்க எண்ண வேண்டிய அடி விளிம்ப இதுவரைக்கும் யாருமே பாக்கல. பக்கவாட்டுல வைக்க வேண்டியத மாத்தி வச்சது நான். அந்த வாரம் வேற யாரும் இல்ல. பஸ்ஸுக்கு அவசரம்."

குன்வர் திரைக்குப் பக்கத்தில் போய் மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று நாலு விளிம்பையும் பார்த்தார்.

"நானும் இத மூணு வாரமா வச்சுப் பாத்தேன்," என்றார். "எனக்கும் தெரியல. சரி, நீங்க சொல்றது நெசந்தானான்னு எப்பிடித் தெரியும்?"

"வில்லைய உருக்கித் திருப்பி வச்சுச் சீவினாத் தெரியும்."

"எவ்வளவு நேரமாகும்?"

"மூணு மணி நேரம். காபிய வேகமாக் குடிச்சா ரெண்டே முக்கால்."

காபி மேசையில் யாரும் என் பக்கத்தில் வரவில்லை, ஏதோ தொற்றுநோய் வந்தவளைப் போல. வில்யா மட்டும் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஹெல்கா, இத என்கிட்ட தனியாச் சொல்லியிருக்கலாமே. உங்கள எல்லாரும்..."

"தனியாச் சொன்னா தனியாவே போயிடும். கேக்க முழுங்கிட்டுக் கிளம்பு."

ஆய்வகத்துக்கு ஐந்து பேர் போனோம். வில்லையை உருக்குவதற்கான அனுமதிக் காகிதத்தில் ரௌனோ நின்றபடியே கையெழுத்துப் போட்டார். குன்வர் தொப்பியை வைக்க இடமில்லாமல் கடைசியில் என்ஸியோ தலையில் வைத்தார். வேலை முடியும் வரை அவன் அதைக் கழற்றவே இல்லை. நான் பச்சைக் கவுன் மேல் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கிடங்குக்குப் போனேன். நூற்றுப் பதினேழு ஒரு இழுப்பறையில், தீப்பெட்டியில் பாதி அளவில், மஞ்சள் பாய்ந்து கிடந்தது. விளிம்பில் பென்சிலால் என் கையெழுத்து. ஏழின் நடுவே கோடு போடும் பழக்கம் எனக்கு அப்போதே இருந்திருக்கிறது.

சூட்டு மேசையில் வைத்தேன். மெழுகு ஓரத்திலிருந்து இளகிக் கண்ணாடி போல் தெளிந்தது. பட்டாணியளவு துண்டு அதில் தளர்ந்து மிதந்தது. இடுக்கியால் மெல்லப் புரட்டினேன்.

கறுப்பு இருந்தது.

ஒரு பக்கம் முழுக்க, நேற்றுத் தடவியது போல. என் தப்பு என் கண் முன்னால் கிடந்தது. இருபத்து மூன்று வருஷமாகியும் என் மை ஒரு பொட்டுகூடக் கரையவில்லை. எனக்கு வெட்கமும் கர்வமும் ஒன்றாக வந்தன, எது முதலில் வந்தது என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

"நெசந்தான்," என்றார் குன்வர்.

"பாதி நெசம்," என்றார் ரௌனோ. "கறுப்பு இருக்கு. மொட்டு இருக்கணும்ல?"

அவர் சொன்னது சரி. மொட்டு இல்லையென்றால் என் பெயர் கெட்டதுதான் மிச்சம், என்ஸியோவைப் போல இன்னும் எத்தனையோ தோள் தொங்கும். வேலையைப் பார்த்தேன். முன்பு சீவியது போக மிஞ்சிய துண்டு சன்னமாக இருந்தது. பக்கவாட்டில் நிறுத்தினால் சாய்ந்தது. மறுபடி நிறுத்தினேன், மறுபடி சாய்ந்தது. இடுக்கியால் பிடித்துக்கொண்டு, மெழுகை ஊற்றி, அது அடியில் வெளுத்து இறுகும் வரை மூச்சுவிடாமல் நின்றேன். என் கை நடுங்கவில்லை. அவையில் நடுங்கியது, இங்கே நடுங்கவில்லை. இதை யாராவது கவனித்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன். என்ஸியோ கவனித்திருந்தான்.

குளிர்த்தட்டில் ஆறவைத்து, இயந்திரத்தில் பொருத்திச் சீவினேன். முதல் சீவல் கிழிந்தது. இரண்டாவது சுருண்டது. மூன்றாவது வெதுவெதுப்பான தண்ணீரில் சுருக்கமில்லாமல் விரிந்து மிதந்தது. ஒரு விளிம்பில் மெல்லிய கறுப்புக் கோடு. கண்ணாடியில் ஏந்தி எடுத்து, உலர்த்தி, சாயத் தொட்டிகளில் ஒவ்வொன்றாக முக்கினேன். மணி ஐந்தே முக்கால். வெளியே வெயில் நட்ட நடுப்பகல் போல அடித்தது.

வில்யா மைக்ராஸ்கோப் பக்கம் போனாள், பிறகு நின்றுவிட்டாள். "நான் எண்ணக் கூடாது. எனக்கு வேணுங்கறதத்தான் நான் பாப்பேன். நீங்க எண்ணுங்க."

குன்வர் உட்கார்ந்தார். எதிர்க் கண்குழாயில் ரௌனோ. கண்ணாடி மெல்ல நகர்ந்தது. நான் சாயத் தொட்டிகளை ஒவ்வொன்றாக மூடினேன். குன்வர் திடீரென்று தன் ஆற்றங்கரைப் பேச்சில் எண்ண ஆரம்பித்தார்.

"ஒண்ணு. அந்தா, ரெண்டு. மூணு... இது நாலா? ஆமா, நாலு."

நாலில் நிறுத்தினார். கண்ணாடி நகர்ந்தது. வில்யா என் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அடேங்கப்பா," என்றார் ரௌனோ, கண்ணை எடுக்காமல். "இங்க பாருங்க, கறுப்புக்குப் பக்கத்துல."

"அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு. கூட்டமாவுல்ல நிக்குது! ஒம்பது... பத்து. பதினொண்ணு."

யாரும் கைதட்டவில்லை, நாங்கள் அப்படிப்பட்ட ஆட்கள் இல்லை. வில்யா தரையில் உட்கார்ந்துவிட்டாள், கறுப்பு உடுப்போடு. என்ஸியோ தொப்பியைக் கழற்றினான். எனக்கு உடம்பெல்லாம் லேசாகி, உரக்கச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. சிரித்தேன்.

விசாரணை நாள் மாலையில் எதிர்வாதியைக் கௌரவித்துப் புதிய டாக்டர் தரும் விருந்துக்குக் கரோங்கா என்று பெயர். எனக்கு முன்பே அழைப்பு வந்திருந்தது, கறுப்பு உடுப்புக் கும்பல் எனக்கு ஒத்துவராது என்று மறுத்துவிட்டிருந்தேன். ரௌனோ என் வெள்ளைக் கோட்டைக் கழற்ற உதவினார்.

"அவையில எழுந்து எதிர்த்துப் பேசினவங்கள விருந்துக்குக் கூப்பிட்டே ஆகணும். வழக்கம். வரமாட்டேன்னு சொல்ல உங்களுக்கும் உரிமையில்ல."

"கூட வந்தவனுக்குச் சோறு உண்டா?" என்றான் என்ஸியோ.

"இவ்வளவு நேரம் தொப்பியச் சுமந்தீங்களே, உண்டு," என்றார் குன்வர்.

கடலைப் பார்த்த உணவகம். சால்மன் மீன், புது உருளைக்கிழங்கு, மதுவுக்குக் குறைவில்லை. என்னை எதிர்வாதிக்கு அடுத்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள், பச்சைக் கவுனில் ஒரு சாயத் துளி இருந்தது. சாப்பாடு முடிந்து ரௌனோ பேச எழுந்தார். நிறையப் பேசுகிற மனிதர் இல்லை. தட்டுக்குப் பக்கத்திலிருந்த கத்தியை எடுத்தார், எல்லாரும் பார்க்கும்படி மேசை விரிப்பின் மேல் கீழே வைத்தார்.

"சொன்ன வார்த்தை. திங்கக்கிழமை ஒரு நாக்கு வருது. மொட்டு இல்லன்னா அந்தக் கழுத்த நான் தொடமாட்டேன்." அப்புறம் என்ஸியோ இருந்த பக்கம் பார்த்தார். "உங்களுக்கு ஒன்பது வருஷம் லேட்டாயிடுச்சு. அதுக்கு நான் வருத்தப்படறேன்."

என்ஸியோ இடது கையால் கோப்பையைத் தூக்கினான். "எனக்குப் பின்னால வர்றவன் கூரைக்கும் பெயிண்ட் அடிக்கட்டும். எனக்குப் போட்டி ஜாஸ்தியாகும், பரவால்ல."

வில்யா நன்றி சொல்லும்போது வழக்கப்படி எதிர்வாதியில் தொடங்கி, வழிகாட்டிக்குப் போய், கடைசியில் என்னிடம் வந்தாள். ஆய்வேட்டில் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டப்போவதாகச் சொன்னாள். எழுதியும் வைத்திருந்தாள்: நூற்றுப் பதினேழு, ஆய்வகத்தில் திசை மாறி வைக்கப்பட்டது, திருப்பிச் சீவியபின் மொட்டு பதினொன்று.

"ஆய்வகம்னா யாரு?" என்றேன்.

"யாருமில்ல. பொதுவா ஆய்வகம். உங்க பேரு எதுக்கு வரணும்?"

"போடு. தப்பா வச்சது ஹெல்கா இலிதெர்வோ, சரியா வச்சதும் ஹெல்கா இலிதெர்வோன்னு போடு. முப்பத்து நாலு வருஷமா நான் சரியா வச்சதுக்கு எந்தப் புத்தகத்துலயும் ஒருத்தரும் என் பேரப் போட்டதில்ல. இதையாவது போடுங்க."

முதலில் குன்வர்தான் எழுந்து நின்றார், பிறகு எல்லாரும் நின்றார்கள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டிருந்தேன்.

போட்டார்கள். அறுபத்து நான்காம் பக்கம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் இப்போது முதல் நாளே சொல்கிறேன், ஒரே ஒரு தடவைதான் தப்பாக வைத்தேன், அதுவும் அச்சில் இருக்கிறது என்று. என்ஸியோ அந்தச் சீட்டில் ஒன்றைக் கேட்டு வாங்கிச் சட்டம் போட்டு, தன் வீட்டுக் கூடத்தில் தானே ஆணி அடித்து மாட்டியிருக்கிறான். தரையிலிருந்து சரியாக ஒன்றரை மீட்டர். அதற்கு மேல் அவன் கை போகாது.